கட்டைவிரலை விடாதவள்

விதைக்கு வைத்த மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும். பிளந்தது முளைக்காது. அதனால் நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து கையால்தான் உரிப்போம். உரிப்பதைவிடச் சண்டைதான் அதிகம். என் முறத்தில் ஒரு பருப்பு பிளந்து கிடந்தால் போதும், கிழவி என் பிறந்த வீட்டையே சந்திக்கு இழுத்துவிடுவாள். நானும் லேசில் விடமாட்டேன்.

போன வருஷம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கடைசி நாள் என் வலது கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போடீ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் மாட்டியிருந்தவளை எங்கே கூட்டிப்போவது? மூச்சு அடங்கியும் பிடி தளரவில்லை. நர்சம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

இந்த வருஷம் மொத்த விதையையும் ஒண்டியாக உரித்தேன். பாதி மூட்டை தாண்டியிருக்கும், ஒருநாள் காலையில் கட்டைவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் நிமிர்த்தினால் சொடுக்கென்று நிமிரும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதே விரல். அன்றிலிருந்து விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன். தினமும் விடிகாலையில் அதைச் சுற்றி இன்னொரு கை இருப்பது போலவே இருந்தது. புருஷனிடம், "உங்கம்மா வெரல வுடமாட்டேங்கிது" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

திண்டிவனத்து டாக்டர் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்பது போலப் பேசினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் விரலை மடக்கும் தசைநார் வீங்கி, அதன் உறைக்குள் ஓட முடியாமல் மாட்டிக்கொள்கிறதாம். விரல் மடங்காமல் இருக்கப் பட்டை கட்டிவிட்டு, இனி உரிக்கவே கூடாது என்றார். அதற்கும் அடங்காததால், ஊசி போட முண்டியம்பாக்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று இருந்தேனோ அதே வாசல்.

விரலடியில் ஊசி இறங்கியபோது அழுதேன். வலிக்கு இல்லை. இந்தப் பிடியும் விட்டுவிட்டால் அவள் போயே போய்விடுவாள். அத்தனை நாள் பயந்து செத்தவளுக்கு இந்த நினைப்பு எங்கிருந்துதான் வந்ததோ!

மருந்து பிடித்து விரல் விட நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். வெளியே வந்து, மரத்துப்போன கட்டைவிரலை இடது கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"வா அத்தே, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு காலியாக இருந்தது. ஜன்னலோரத்தை விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.