ரப்பர் தாலி

என் அம்மாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அவளிடமிருந்து எனக்கு வந்த சொத்தும் அதுதான். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் போகமாட்டேன்.

தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தவரை அம்மாவின் சந்தேகத்துக்கு அதிகம் வேலையில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தமிழ் பேசினார்கள். பேச்சை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். எழுபதுகளின் கடைசியில் மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடு கிடைத்து வந்தோம். அங்கே சீனமும் மலாயும்தான் காதில் விழுந்தன. அம்மாவுக்குப் புரியாத பேச்செல்லாம் அவளைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது, மேல்மாடியில் இறங்கிப் படிவழியாக வரவேண்டும். "வேணும்னே பண்ணியிருக்கானுங்க" என்பாள். யார், எதற்கு என்று கேட்டால் முறைப்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மரியாதையாக மக்சிக் என்று கூப்பிடுவோம். காரிடாரில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அதுவே அவர்மேல் அம்மா வைத்த முதல் குற்றச்சாட்டு. "காரணமே இல்லாம ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? ஏதோ இருக்கு." இதைக் கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் துணி காயப்போடும்போதே, சத்தமாகச் சொல்வாள். நான் பதறினால், "அதுக்கு எங்க நம்ம பாஷ தெரியும்" என்பாள்.

மக்சிக்கின் மகளுக்கு என் வயது. அவளும் நானும் காரிடாரில் ஆடாத ஆட்டம் கிடையாது. அஞ்சாங்கல் ஆடுவோம், எங்கள் கல் என்பது பாசிப்பயறு அடைத்துத் தைத்த சின்னத் துணிப்பை. எல்லாவற்றுக்கும் மேல் ஸீரோ பாயிண்ட். ரப்பர் பேண்டுகளைக் கோத்துக் கோத்து நீளக் கயிறாக்கி, கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள், தலை என்று உயர்த்திக்கொண்டே போய்த் தாண்டுவோம். அவளுக்குக் கால் நீளம். அவள் முறை வரும்போது கயிற்றைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லி யாருக்கோ கண்ணைக் காட்டுகிறாள் என்று நான் அடிக்கடி சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கயிற்றுக்கு எங்களிடையே பெயர் தாலி. மலாயில் தாலி என்றால் கயிறு. வெளியே குதிப்பது ஒரு தாலி, வீட்டுக்குள் அம்மாவின் கழுத்தில் கிடப்பது ஒரு தாலி. இரண்டும் ஒரே சத்தம் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. அவள் என்னோடு கொஞ்சம் தமிழும் பேசுவாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று எனக்குப் பெருமை.

ஒரு வாரம் அம்மாவின் தாலிச் சங்கிலியில் கொக்கி தேய்ந்து கழன்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஆசாரியிடம் கொடுக்கலாம் என்றார் அப்பா. அதுவரைக்கும் ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, தாலியை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தாள் அம்மா. பிறகு அது பத்திரமில்லை என்று சாமி படத்துக்குப் பின்னால். பிறகு தலையணை உறைக்குள். காரிடாரில் புது முகம் தெரிந்தால் போதும், இடம் மாறும். வெள்ளிக்கிழமை காலையில் எங்கே தேடியும் தாலியைக் காணவில்லை.

தான் மறந்துவிட்டோம் என்று அம்மாவால் நினைக்கவே முடியவில்லை. காணோம் என்று வாய்விட்டுச் சொல்லவும் பயந்தாள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை; உயரச் சாரத்தில் நின்று இரும்பைப் பற்றவைப்பவர். தாலி தொலைந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பது அம்மாவின் பயம். "இன்னைக்கு லீவு போடுங்களேன்" என்று கெஞ்சினாள். அப்பா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எதையோ மறைக்கிற நீ" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினார்.

எனக்கு மதியப் பள்ளி. மாலையில் வீடு திரும்பியபோது அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் போனபிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்திருக்கிறாள். வாசலில் நின்று, அழகான தமிழில் சொல்லியிருக்கிறாள்: "ஆன்ட்டி, தாலி எங்க வீட்டுல இருக்கு. என் அம்மா எடுத்துச்சு லா."

"அது வாயாலயே சொல்லிடுச்சுடி" என்றாள் அம்மா. "அவளுக்குக் கை நீளம்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

நானும் நம்பினேன். கொதித்தது எனக்கு. அந்தப் பெண் மறுபடி வந்து கம்பிக்கதவைத் தட்டிக் கூப்பிட்டபோது வீட்டில் ஆளில்லாததுபோல் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் அஞ்சாங்கல் பைகளையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் அவள் பின்னால். எதிர்வீட்டுச் சீனப் பாட்டிகூட எட்டிப் பார்த்தாள். மார்க்கெட்டில் பொறுக்கிய மலாயெல்லாம் அவசரத்தில் மறந்துபோய், கழுத்து மஞ்சள் கயிற்றைப் பிடித்துக் காட்டி அம்மா தமிழிலேயே கத்தினாள்: "என் தாலியக் குடு! என் தாலியக் குடுத்துடு!"

மக்சிக் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே போனார். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, எங்கள் ரப்பர் கயிற்றை உருவிக்கொண்டு வந்தார். "தாலி! தாலி!" என்று காரிடார் முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே அதை அம்மாவின் கையில் திணித்தார். குப்பையோடு பெருக்கிவிடப் போகிறார்கள் என்று எடுத்துவைத்ததாக மகள் விளக்கினாள். எதிர்வீட்டுப் பாட்டியும் சிரித்தாள். அம்மா கையில் ரப்பர் கயிறு தொங்க அசடு வழிந்து நின்றாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அன்று சாயங்காலம், பிய்ந்துபோன அஞ்சாங்கல் பை ஒன்றுக்கு அடைக்கப் பயறு எடுக்கப் போனேன். டப்பாவுக்குள் கைவிட்டால் தாலி. "பயறு டப்பாக்குள்ள வெச்சிட்டு ஊரையே சந்தேகப்பட்டேனே!" என்று அம்மா போட்ட சத்தம் கீழ்மாடிவரை கேட்டிருக்கும். பிறகு தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் புரியல" என்றாள்.

அந்த ஒரு நொடியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. சிரிக்கிற மனுஷி ஏன் சிரிக்காமல் நின்றார்? அம்மாவிடம் கேட்டால், "உனக்கு எதுலயும் சந்தேகம்" என்றாள். அதை அவள் சொன்னாள்!

எண்பதுகளின் நடுவில் மார்சிலிங்கை விட்டுக் கிளம்பினோம். சாமான்கள் லாரியில் ஏறியபின் மக்சிக் ஒரு டப்பா நிறையப் பலகாரத்தோடு வாசலுக்கு வந்தார். ரவிக்கைக்கு வெளியே கிடந்த அம்மாவின் தாலியை எடுத்து, முந்தானைக்குள் மறைத்துவிட்டார். பிறகு நல்ல தமிழில் சொன்னார்: "தாலி பத்திரம்மா. மறுபடியும் பயறு டப்பால வெச்சிட்டு என்கிட்ட வந்து கேக்காத."

அம்மா முந்தானைக்கு மேலாகத் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல பொறந்தேன். சுத்தி எல்லாம் தமிழாளுங்கதான்" என்று சொல்லி, மக்சிக் வழக்கம்போலச் சிரித்தார்.

லாரி உட்லண்ட்ஸ் ரோட்டைத் தாண்டியது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி, நான் கதவுக்குள்ள நின்னு பேசினதெல்லாம்?"

"எல்லாந்தான்" என்றேன்.

"அவ்வளவையும் கேட்டுக்கிட்டேவா சிரிச்சாங்க?"

அம்மா மக்சிக்கை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.