கரண்டித் துரையின் காளான்

என் வீட்டுச் சீனி டப்பாவுக்குள் ஒரு ஸ்பூன் கிடக்கிறது. எவர்சில்வர் ஸ்பூன். கைப்பிடி நுனியில் ஒரு சின்னப் பூ வேலைப்பாடு. அதில் பாதி இதழ் தேய்ந்துவிட்டது. ஓரம் லேசாக நெளிந்திருக்கும். ஒரு குழந்தை பல்லால் கடித்த நெளிசல் அது. "நல்லதா ஒண்ணு வாங்கிப் போடேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத மாதம் கிடையாது. நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. அந்த ஸ்பூனுக்கு முன்பு வேறொருவர் சொந்தக்காரராக இருந்தார். அவரை நாங்கள் 'கரண்டித் துரை' என்போம். அந்தப் பேரை வைத்த புண்ணியவதி நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் திருத்தங்கலைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். அவர் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். பட்டாசுக்குள் போகிற பொடிகளைத்தான் நாங்கள் மருந்து என்போம். அவரை எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் சம்சாரம் எங்களோடு திரி வெட்டும் அறையில் இருந்ததால் அந்த அம்மாள் எங்களுக்கு மதினி. கலவை வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால், எங்கள் வேன் வந்து சேர்வதற்குள் அண்ணனுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். வெளியே வரும்போது அலுமினியப் பொடி அப்பி, புதிதாக ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி மினுமினுப்பார். தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டு அரைமணி நேரம் குளிப்பார். அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, ஸ்பூனால் சாப்பிடுவார். சுற்றி அறுபது பேர் கையால் பிசைந்து சாப்பிடுகிற இடத்தில் ஒருவர் மட்டும் பழைய சோற்றை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டால் என்னைப் போன்ற வாயாடி சும்மா இருப்பாளா? "என்னண்ணே, சீமையில படிச்சுட்டு வந்தீகளா?" என்று ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் துரை என்ற பேர் நிலைத்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே, "துரைக்கு ஊறுகாய் குடுங்கத்தா" என்று ஸ்பூனை நீட்டுவார்.

மழைக்காலம் வந்தால் எங்களுக்கு வேலை பாதி நாள்தான். இடி இடித்தால் போர்மேன் விசில் ஊதி எல்லா அறையையும் காலி செய்துவிடுவார். மழை பெய்த மறுநாள் தரை ஈரமாக இருக்கும், வெயில் இருக்காது, மருந்து காயாது. நாங்கள் வேனில் வந்து இறங்கிய பிறகுதான் போர்மேன் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு வேலை ஓடாதுத்தா" என்பார். கூலி போயிற்றே என்று ஆளாளுக்கு முணுமுணுப்போம். ஆனால் வேன் வேறு லோடுக்குப் போயிருக்கும், திரும்பி வர நாலு மணி ஆகும். அதுவரை என்ன செய்வது? வேலிக்கு வெளியே கண்மாய்க்கரை இருந்தது, கரையெல்லாம் புற்று இருந்தது, புற்றடியில் காளான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு மறந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

உண்மையில் நல்ல காளான் முளைத்தது வேலிக்கு உள்ளேதான். பட்டாசு அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். நடுவில் கிடந்த நிலத்தில் வருஷக்கணக்காக ஏர் படவில்லை. புற்றுகள் கேட்பாரில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. மழைக்கு மறுநாள் அதன் அடியில் குடை குடையாக வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். எங்களுக்கு நாக்கு ஊறும். அண்ணன் தொட விடமாட்டார். "வேலிக்கு உள்ள மொளைக்கிறது அம்புட்டும் கண்ணால பாக்குறதுக்கு மட்டுந்தான். நான் குளிச்ச தண்ணி, ரூம் கழுவுன தண்ணி பூராம் அந்த மண்ணுலதான எறங்குது. வாங்க, அங்கன கரைப் பக்கம் போவோம்" என்பார். காளான் மேல் கால் பட்டுவிடாமல் சுற்றிப் போவார். நாங்களும் எச்சிலை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போவோம்.

அவருக்கு இருந்த கண் வேறு யாருக்கும் கிடையாது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு புதரைக் கடந்து போயிருப்போம், பின்னால் வருகிறவர் நின்று, "ஏத்தா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்பார். பொடதி என்றால் பிடரி. திரும்பிப் பார்த்தால் சருகைத் தூக்கிக்கொண்டு நாலு மொட்டு நிற்கும். எனக்கு அந்த வித்தை கடைசி வரை வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டு வந்ததெல்லாம் நாய்க்குடையாகவே இருந்தது. சந்தேகம் என்று தோன்றினால் எதையும் பையில் போடவிடமாட்டார். எத்தனை அழகாக இருந்தாலும் கீழே போடு என்றால் போட வேண்டியதுதான்.

ஆனால் அண்ணன் ஒரு காளானைக்கூடக் குனிந்து பறித்ததில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இடத்தை மோவாயால் காட்டுவார். பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகிவிடும் என்பார்களே, அந்த மாதிரி ஏதோ நம்பிக்கை போல என்று நான் நினைத்திருந்தேன். துரைத்தனம் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

ஒரு புரட்டாசியில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் நானும் மதினியும் அண்ணனும் மட்டும் கரையோரம் வெகுதூரம் போய்விட்டோம். உடைமரத்துக்குக் கீழே ஒரு பழைய புற்று. அதைச் சுற்றி, சோற்றை வடித்துக் கொட்டியது போல அரிசிக்காளான். அவ்வளவு காளானை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. நாங்கள் மடியில் அள்ள ஆரம்பிக்கவும் தூரத்தில் வேன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனோ கையைக் கட்டிக்கொண்டு, "இந்தா, இங்கன, அந்தப் பக்கம்" என்று மோவாயை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "நாங்க ரெண்டு பேரும் கெடந்து சாகுறோம், குனிஞ்சு நாலு அள்ளுனா கொறைஞ்சா போயிருவீக? அந்தக் கைய வச்சுக்கிட்டு என்னதான் செய்யப் போறீக?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. பாதிக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டு வேனுக்கு ஓடினோம்.

வேனில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கிற மாதிரி மட்டும் பேசினாள். "அவுக கைய நீ பாத்திருக்கியா புள்ள? எம்புட்டுத் தேச்சாலும் நகக்கண்ணுல அந்தப் பொடி போகாது. திங்கிற பொருளுல அந்தக் கை படக் கூடாதுன்னு அவுகளே வச்சுக்கிட்ட வைராக்கியம். எங்க கல்யாணத்துக்கு வந்த ஆறு ஸ்பூன்ல ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டாக. ஆறு வருசங்கழிச்சுப் பொறந்த பிள்ள. அதுக்கு ஒருவாய்ச் சோறு கையால ஊட்டுனதில்ல." நான் முன் சீட்டைப் பார்த்தேன். அண்ணன் கம்பியைப் பிடிக்காமல், கையைக் கட்டியபடியே ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மடியில் இருந்த காளானை எல்லாம் மதினி பையில் கொட்டினேன். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தெரிந்தும் கொட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்பதற்கென்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகளுக்கு அதே ஸ்பூனால் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். மூன்று வயசுப் பிள்ளை. ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "சாப்பிட்டியா, உக்காருத்தா" என்று எப்போதும் போல என்னை வரவேற்றார். நான் ஆரம்பிப்பதற்குள், "நீ கேட்டது நியாயந்தான்த்தா. ரெண்டு நாளா அதத்தான் யோசிக்கேன்" என்றார். அந்தத் தீபாவளி முடிந்து கம்பெனி திறந்ததும் போர்மேனிடம் போய், கலவை வேண்டாம், வேறு எந்த வேலையானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். போர்மேன் கெஞ்சாத குறை. இந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றாராம். அண்ணன் அசையவில்லை. கூலி குறைந்தாலும் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அதற்கு நான் கத்தியதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர் மனதில் அது முன்பே இருந்திருக்கும்.

நகம் வளர்ந்து வெட்டி, வளர்ந்து வெட்டி, சித்திரைக்குள் பத்து நகமும் சுத்தமாகிவிட்டது. கேட்டில் எங்கள் பையைச் சோதிக்கும்போது வேண்டுமென்றே விரலை விரித்துக் காட்டுவார். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் சோற்றைப் பிசைந்து கையில் எடுத்ததும் பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. "மருந்துக் கை! ஸ்பூன் எங்க?" என்று கேட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிக் கொடுத்ததை அது சரியாகப் பிடித்து வைத்திருந்தது. அண்ணன் கையை உதறிவிட்டு ஸ்பூனை எடுத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. "பழகிரும்த்தா" என்று என்னிடம் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மறுபடி புரட்டாசி மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், காளான் பார்க்கப் போகிறோம் வா என்று மதினி சொல்லி அனுப்பினாள். அவர்கள் ஊருக்குப் பின்னால் உள்ள தரிசுக்குப் போனோம். பிள்ளையும் வந்தது. வழக்கம்போல அண்ணன்தான் முதலில் பார்த்தார். புற்றடியில் மூன்று பெரிய குடை, பக்கத்தில் இரண்டு மொட்டு. நானும் மதினியும் குனியவில்லை. அவர் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"தொடாதப்பா!" என்று பிள்ளை கத்தியது. ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

மதினி அந்தக் கையை எடுத்துப் பிள்ளை முன்னால் விரித்து வைத்தாள். "நீயே பாரு தாயி. எங்கன இருக்கு மருந்து?"

அது உட்கார்ந்து பார்த்தது. ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்துக்கு மேலேயும் கீழேயும் திருப்பி, கேட்டில் அவர் எங்கள் பையைச் சோதிப்பதைவிடக் கவனமாகச் சோதித்தது. ஒரு கை முடிந்ததும், "அந்தக் கையி" என்று மறு கையையும் வாங்கிக்கொண்டது. அண்ணன் அது இழுத்த பக்கமெல்லாம் கையைத் திருப்பிக் கொடுத்தார். சோதனை முடிந்து பிள்ளை எழுந்தது. "சரி, பறி" என்றது.

அவருக்குப் பறிக்கத் தெரியவில்லை! அத்தனை வருஷம் எங்களைப் பறிக்க வைத்தவர், முதல் காளானின் தண்டைப் பாதியில் ஒடித்துவிட்டார். "மெதுவாண்ணே, கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று கேட்டேன். விட முடியுமா?

வீட்டுக்கு வந்து மதினி சின்ன வெங்காயமும் மிளகாயும் தட்டிப்போட்டு மண்சட்டியில் வதக்கினாள். அண்ணன் ஒரு துண்டை எடுத்து ஊதி, சோற்றில் வைத்து உருட்டி நீட்டினார். பிள்ளை அந்த விரல்களை இன்னொரு தரம் பார்த்தது. வாயைத் திறந்தது. மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு" என்றது. அன்றைக்குத் தட்டு காலியாகும் வரை வேறு யாருக்கும் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. நான் புறப்படும்போது அண்ணன் அந்த ஸ்பூனைக் கழுவித் துடைத்து என் கையில் வைத்தார். "துரைன்னு பேரு வச்சது நீதான. பட்டத்த நீயே வச்சுக்கத்தா" என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் நிறையச் சிரிப்பு.

இப்போது நான் திருத்தங்கலிலேயே ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருக்கிறேன். அண்ணனும் மதினியும் மல்லாங்கிணறு பக்கம் மதினியின் பிறந்த ஊரில் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறது. போன வாரம் மழைக்குப் பிறகு பஸ் ஏறி வந்து, "அப்பா குடுத்துவிட்டாக அத்தை" என்று ஒரு துணிப்பையை நீட்டியது. உள்ளே வாழை இலையில் பொதிந்த காளான், அடியில் செம்மண்ணோடு. ஒன்றில்கூடத் தண்டு ஒடிந்திருக்கவில்லை.

டீ போடும்போது சீனி டப்பாவை நீட்டினேன். ஸ்பூனை எடுத்தவள் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். "இதே பூ எங்க வீட்டு ஸ்பூன்லயும் இருக்கு அத்தை. ஆனா அஞ்சுதான் இருக்கு. சும்மா டப்பாவுலயே கெடக்கு, யாரும் எடுக்கிறதில்ல" என்றாள்.

"சின்னப் பிள்ளையில உனக்கு ஸ்பூன்லதான ஊட்டுவாக?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கா? போங்கத்தை. எங்கப்பா எப்பவும் கையாலதான் ஊட்டுவாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் டீயை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கிவிட்டு, அதைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.