தூரிகை கழுவிய தண்ணீர்

இது நான் கட்டிய கதை இல்லை, கண்ணுகளா. கட்டிய கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றில் முடிவை அழகாக வைத்துவிடுவேன். இதில் என் கை எதுவும் இல்லை. நடந்தபோது எனக்கு எழுபத்தொரு வயது. பக்கத்தில் என் மகளும் இருந்தாள். இன்றைக்கும் அவள் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த நாட்களில் நாங்கள் இருவருமே அசந்துபோயிருந்தோம். மகளுக்கு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. எனக்குச் சும்மா இருக்கிற அசதி. அது இன்னும் பொல்லாதது. போதாக்குறைக்கு மறதி. ஒருமுறை அடுப்பை எரியவிட்டுத் தூங்கிவிட்டேன். இன்னொரு முறை வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் முட்டைகளோடு கிடந்தது. மகள் ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தாம்மா வேலைக்குப் போவேன். வேற வழி தெரியல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். அதனால் பயந்தேன்.

எனக்கென்று இருந்தது சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். தெருக்கோடியில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கு. அதற்கு எதிரே சிமென்ட் பெஞ்சு. அங்கே உட்கார்ந்து அவசரப் படங்கள் வரைவேன். கையகலத் தாள், ஆறு வண்ணக் கட்டிகள், ஒரு தூரிகை, கண்ணாடிக் குவளையில் தண்ணீர். ஒரு படத்துக்கு இருபது நிமிடம். அதற்குமேல் போனால் வெயில் நகர்ந்து, நிழலெல்லாம் இடம் மாறிவிடும். பக்கத்துக் கடைக்காரம்மா கொடுக்கும் டீயும் குவளையோடு ஒட்டி நிற்கும். வண்ணம் தீட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தூரிகையை டீயில் முக்குவோம். டீ என்று நினைத்துச் சாயத் தண்ணீரை வாயில் வைப்போம். நானும் செய்திருக்கிறேன். அதனால் முதல் நாள் குவளைத் தண்ணீர் பாதியாகக் குறைந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் முக்கால்வாசி போய்விட்டது. மணி ஐந்து முப்பது. டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. கீழே தரையும் காய்ந்திருந்தது. சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கடைக்காரம்மாவிடம் போய் நாக்கை நீட்டினேன். "நாக்கு நல்லாத்தான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு இன்னும் நாலு தெருவைக் கலக்கலாம்," என்றாள்.

மூன்றாம் நாள், வீட்டில் குவளையைக் கழுவ எடுத்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். விளிம்பில் நீலக் கறை. உதட்டுத் தடம். வெடித்துக் காய்ந்த உதடு; கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"அம்மா, சாயத்தைக் குடிக்கிறியா?"

"இல்லடி."

"நாக்கை நீட்டு."

நீட்டினேன். துளி நீலம் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு அதையும் மறந்திருப்பேன் என்றாள். எனக்கே அது நியாயமாகப் பட்டது. அன்று படுத்துக்கொண்டு என் உதட்டை நானே தடவித் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.

ஒரே ஒரு நாள் கூட வந்து பார் என்று கெஞ்சினேன். அரை நாள் விடுப்புப் போட்டாள். திரும்பி வந்ததும் பூட்டு மாட்டுவதாகச் சொல்லித்தான் கிளம்பினாள். சரி என்றேன்.

மணி ஐந்து பத்து. உட்கார்ந்தோம். எங்களுக்கு நடுவில் குவளை. மகளே புட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே. நான் வானத்துக்கு நீலம் கரைத்தேன்.

ஐந்து பதினெட்டு. கிடங்கின் சுவர் முடிந்தது. தண்ணீர் இறங்கவில்லை. மகள் கொட்டாவி விட்டாள்.

ஐந்து இருபத்தாறு. இரும்புக் கதவுக்குக் கறுப்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தாள், ஒரு கையில் தூரிகை. மகள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

களக்...

குவளை அசையவில்லை. தண்ணீர் மட்டும் ஒரு விரல் இறங்கியது.

களக்... களக்...

நாங்கள் மூச்சை அடக்கியிருந்தோம். ஆனாலும் மூச்சு கேட்டது. எங்களுக்கு நடுவில். யாரோ குனிந்து குடிக்கிற மூச்சு.

குவளையின் அடி தெரிந்தது.

விளிம்பில்... மெதுவாக... நீலமாக... உதடு.

"ஊத்தும்மா," என்றாள் மகள். "இன்னும் ஊத்து."

புட்டியில் இருந்ததை ஊற்றினேன். பாதி வெளியே சிந்தியது.

அதுவும் போயிற்று.

"தீந்துபோச்சுப்பா," என்றேன். யாரிடம் சொன்னேனோ.

எதிரே, பூட்டிய கதவுக்குள்ளிருந்து...

தட்.

தட்.

தட்.

வண்ணப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம். எழுபத்தொரு வயதில் ஓடினேன், கண்ணுகளா. மகள் பூட்டை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளும் என்னை உள்ளே வைத்துப் பூட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கடைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு சொன்னாள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவன், அசதியில் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக் கண்ணயர்ந்துவிட்டானாம். ஆள் இருக்கிறதைப் பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டார்கள். திறந்தது பத்து நாள் கழித்து. உள்ளே குழாய்கூட இல்லையாம்.

"கதவைத் தட்டியிருப்பானே? யாருக்குமா கேக்கல?" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"எனக்குக் கேட்டுச்சு. நாலு நாள் தட்டுனான். பின்னாடித் தெருவுல தகரம் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். எனக்கு அப்போ ஒரே தலைவலி."

நான் எதிரே அந்தக் கிடங்குக் கதவைப் பார்த்தேன்.

"அஞ்சாம் நாள் சத்தம் நின்னுபோச்சு," என்றாள். "அப்பாடான்னு இருந்துச்சும்மா."