மழையில் பால் வெட்டிய கதை

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி நான் ஒரு நாட்டிய நாடகம் செய்தேன். பரதநாட்டியத்தில்தான். ஒன்றேகால் மணி நேரம், என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள். பனச்சமூட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு நடத்துகிறவள் நான். கீழே பப்ஸ் வேகும், மேலே நாங்கள் வேகுவோம். பிள்ளைகள் பாதி கேரளம், பாதி தமிழ்நாடு. ரோட்டைத் தாண்டினால் மாநிலம் மாறும், பேச்சு மாறும். முழங்காலை மடக்கி நிற்கிற அரைமண்டி மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மோசம்.

இவளுக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா ரப்பர் வெட்டுகிறவள். வயது அறுபத்தெட்டு, இன்றும் வெட்டுகிறாள். விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். மரப்பட்டையைச் சரிவாகச் சீவினால் பால் வழிந்து கீழே கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சேரும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் அத்தனை மரத்தையும் அதற்குள் வெட்டி முடிக்கணும். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் இதுதான் அவள் வேலை.

அந்த அம்மா நான் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். பத்து வயதில் நான் நடனம் படிக்கச் சேர்ந்தபோது, சலங்கை கட்டின கால் பரலோகத்துப் படியேறாது என்று சபையில் ஒரு பெரியவர் சொன்னார். அவருக்குக் கால் வீங்கி வீட்டுப்படி ஏறவே ரெண்டு ஆள் வேணும், அது வேறு விஷயம். அம்மா என்னைத் தடுக்கவில்லை. ஆனால் எந்த நிகழ்ச்சிக்கும் வரவும் இல்லை. சபைக்குப் பயந்துகொண்டுதான் வரவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். முப்பது வருஷம் அந்தக் கோபத்தைச் சோறு போட்டு வளர்த்தேன். உண்மையைச் சொன்னால், இந்த நாடகத்தைச் செய்ததில் பாதிக் காரணம் அதுதான். ரப்பர் வெட்டுகிறவர்களைப் பற்றிய கதைக்கும் அம்மா வராவிட்டால் இனி எதற்கு வருவாள்?

நாடகத்தின் முதல் நிகழ்ச்சி திருவனந்தபுரத்தில், ஏசி ஹாலில். அம்மா வரவில்லை. அவ்வளவு தூரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எட்டுக் கூலிக்காரிகளும் பட்டுச் சேலையில் கப்பலேறினோம். தோட்டத்துக் கூலிக்கு யார் பட்டு எடுத்துக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எங்கள் சம்பிரதாயம் என்று வாயை அடைத்திருப்பேன். உச்சக்கட்டம் கடைசியில் வரும். சாயங்காலச் சிவப்பு வெளிச்சம், கொட்டுகிற மழை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த மழையில் நனைந்தபடி மரம் மரமாக வெட்டிக்கொண்டே போகிறாள். ஒரு கை கத்தி, மறு கை நடுங்கி நடுங்கி மழையாக இறங்கும். அந்தத் தாய் நான்தான். நல்ல வேஷத்தை மாணவிக்கு விட்டுக்கொடுக்கிற டீச்சரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? ஹாலில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. கதர் ஜிப்பா போட்ட ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடலே ஒரு ஆவணம்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

மழையில் எவளும் பால் வெட்ட மாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பால் மழைத்தண்ணீரோடு பட்டை வழியே ஒழுகிப் போய்விடும். சாயங்காலமும் எவளும் வெட்டுவதில்லை. ஆனால் மழைக்கு வைத்த ஜதி அவ்வளவு அழகாக வந்துவிட்டது. அதை விட மனசு வரவில்லை, விடவில்லை. கொழுப்பு, வேறென்ன.

ரெண்டாவது நிகழ்ச்சி அம்பூரியில், ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. மாலை ஆறரை மணி. அம்பூரி முழுக்க ரப்பர், ஊரில் பாதிப்பேர் வெட்டுக்காரர்கள். கொல்லன் தெருவுக்கே ஊசி விற்கப் போனேன். முந்தின நாள் அம்மாவிடம் சொன்னேன், பக்கத்து ஊர்தான், ஜீப்பு ஏற்பாடு பண்ணியிருக்கேன் என்று. "பாக்கலாம் மக்கா" என்றாள். அவளுக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் பையை வைத்தேன். நாடகம் முடிகிறவரை பைதான் பார்த்தது.

உச்சக்கட்டத்தில் மழை வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நான் கத்தியோடு ரெண்டாவது மரத்துக்குப் போனபோது ஒரு பெண் குரல் சத்தமாகவே கேட்டது, "எலே, மழையில வெட்டுதா பாரு." அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான் அழுகிறேன், மொத்த அம்பூரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. முடிந்ததும் ஒரு அம்மையார் மேடைக்கே ஏறிவந்து, "டீச்சரே, ஆட்டம் நல்லா உண்டு. ஆனா அந்தப் பாலு மொத்தமும் மண்ணுக்காக்கும் போகும்" என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார். என் மாணவிகளோ, நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன, லைட் சரியில்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பழமொழிக்கு நானே ஏழு பேரைப் படிக்கவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மா பால் வாளியோடு தோட்டத்திலிருந்து வந்தாள். வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மழையில வெட்டினியாமே."

"அதுக்குள்ள யாரு சொன்னா?"

"வாட்சப்புல வந்துது. தோட்டத்துல எல்லாவளும் பாத்துச் சிரிச்சாளுவ."

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன். பின்னே?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. முப்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் இந்த மழையை நீயே சொல்லித் திருத்தியிருக்கலாமே என்றேன். சபைக்காரன் என்ன சொல்லுவானோ என்று பயந்து பெற்ற மகளைப் பார்க்காமல் இருந்தாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்றேன். அதையும் சொன்னேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்ய?

அம்மா கோபப்படவில்லை. கையில் ஒட்டிக் காய்ந்திருந்த பாலை உரித்துக்கொண்டே, "சபையா? சபையைக் கண்டு எனக்கு என்ன பேடி?" என்றாள். "பாறசாலையில நீ முதமுதலா மேடையேறின அரங்கேற்றத்துக்கு நான் வந்தேன் ஆக்கும்."

எங்கே இருந்தாய், நான் பார்க்கவே இல்லையே என்றேன்.

"பின்னால தூணுகிட்ட நின்னேன். நீ வந்து கும்பிட்டது வரைக்கும் பாத்தேன். பச்சச் சேல. பிறகு ஒண்ணும் ஓர்மையில்ல. தூணுல சாஞ்சு ஒறங்கிப் போனேன். நாற்காலி மடக்குத சத்தம் கேட்டாக்கும் முழிச்சேன். பக்கத்துல நின்னவ கேக்கா, மகளுக்க ஆட்டம் தாலாட்டாங்கும்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. மூணு மணிக்கு எழும்புதவளுக்கு ஆறு மணி ஆனா கண்ணு நிக்காது மக்கா. உனக்க ஆட்டம் எல்லாம் சாயங்காலம். வந்து முன்னால இருந்து ஒறங்கினா நீ மேடையில நின்னு பாக்க மாட்டியா?"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீ சபையில குத்தம் கண்டுபிடிச்சு வச்சிருந்த. அது அப்படியே இருக்கட்டுன்னு விட்டேன். சபைமேல கோபம்னா நீ ஏசுவ, அவ்வளவுதான். நான் ஒறங்கினேன்னு தெரிஞ்சா அழுவியே."

அழுதேன். ஒன்றேகால் மணி நேரம் கூலிக்காரர்களின் வாழ்வை ஆடியிருக்கிறேன். அடி வாங்குகிறார்கள், கப்பலில் வாந்தி எடுக்கிறார்கள், ஊரை நினைத்துப் பாடுகிறார்கள். ஒருத்திக்குக்கூட உறக்கம் வரவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி முப்பது வருஷமாகக் கண் சொருகிக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அது தெரியவில்லை. அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்த முத்திரையிலும் காட்ட முடியாது.

மழை ஜதியைத் தூக்கி எறிந்து அந்த இடத்தில் வேறு ஜதி வைத்தேன். அடுத்த மாதம் நல்ல மழை பிடித்து, தோட்டத்தில் வெட்டு இல்லாத ஒரு நாள் பார்த்து, காலை பதினோரு மணிக்கு அம்மாவை வகுப்புக்குக் கூட்டிவந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவளுக்காக முழு நாடகத்தையும் ஆடினோம். அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை விரித்து வைத்துப் பார்த்தாள். கப்பல் போனது, தோட்டம் வந்தது. என் மூச்சிரைப்பைப் பார்த்து, "இதுக்கு முந்நூறு மரம் வெட்டிரலாமே மக்கா, கொஞ்சம் இருந்து ஆடு" என்றாள். உட்காரவில்லை, நின்றே ஆடினேன்.

வெட்டு இல்லாத அன்றும் பழக்கத்தில் மூன்று மணிக்கே எழுந்துவிட்டவள், நாற்பதாவது நிமிஷத்தில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் குனிந்து சலங்கையை அவிழ்த்தேன், அவர்களையும் அவிழ்க்கச் சொன்னேன். தாளம் தட்டுகிற பெண்ணிடம் கட்டையைக் கீழே வை என்று கை காட்டினேன். மிச்சம் முப்பத்தைந்து நிமிஷத்தையும் காலைத் தரையில் தட்டாமல், மெல்ல மெல்ல வைத்து, எட்டுப் பேரும் ஆடி முடித்தோம்.