கழுத்துக்குள் ஒளிந்திருந்த மறதி

தொழிற்சாலை நர்ஸ் வேலையில் விரல் நசுங்கி வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அடி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். "ஒன்னும் இல்ல சிஸ்டர், தலை மந்தமா இருக்கு" என்று வருகிறார்களே, அவர்களிடம்தான் நாம் படித்த படிப்பெல்லாம் பல்லிளிக்கும். ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று விழிப்பவர்களே, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே வீடெல்லாம் தேடுபவர்களே, நீங்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெறும் வயிறு

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. "வெறும் வயிற்றில் வரவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி கேன்டீன் வாசலில் ஒட்டுவேன். கேன்டீன் வாசலில் ஒட்டியது என் புத்திசாலித்தனம். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் முனுசாமி அண்ணன், பென்னலூர்க்காரர், அதைப் படித்துவிட்டு உள்ளே போய், சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு ஆறு டீ, ஆறிலும் சர்க்கரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை கிறுகிறுத்து, ஏற்றிய சரக்கை எங்கே இறக்குவது என்று மறந்து நின்றிருக்கிறார். "அண்ணே, சர்க்கரை கால்களை மட்டும் கெடுக்காது, வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மூளையையும் கெடுக்கும்" என்று நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கையில்தான் அவர் உதட்டோரத்தில் சட்னியைப் பார்த்தேன். கேட்டால் கூசாமல் சொன்னார்: "ஒரே ஒரு வடை சிஸ்டர், அது இன்னும் வயித்துக்கே போயிருக்காது."

மே மாதத்தில் ஸ்வெட்டர்

அந்தப் பரிசோதனையில் பெண்கள் பலருக்கு ரத்தம் குறைவு என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று, காலை டிபன் வேளையில் கேன்டீனுக்கே போய் ஒவ்வொருத்தர் வாயிலும் போடாத குறையாகக் கொடுத்து வந்தேன். அவர்களில் ஒருத்தி கலைவாணி. சேரப்பணஞ்சேரிக்காரி, நாற்பத்தாறு வயது, கடைசிக்கட்டச் சோதனையில் பன்னிரண்டு வருஷம். ஒயர்கள் சேரும் முனையில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. அது சரியாக விழாவிட்டால் ஓடுகிற காரில் ஒயர் கழன்றுவிடும். விழாத பூட்டு கலைவாணியின் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர்.

அந்தக் கண்ணுக்கு ஒரே மாதத்தில் மூன்று தப்பின. சூப்பர்வைசர் சரவணன் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். ராஜினாமாக் கடிதத்தைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கு ஆறு வருஷமாக மறதி நோய், பெற்ற மகளையே "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்கிறவர். பேசப் பேச எனக்கு வேறொன்று உறுத்தியது. வெளியே மே மாத வெயில், இவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். குரல் கட்டியிருந்தது. முகம் லேசாக ஊதியிருந்தது. முடி கொட்டுகிறதா என்றேன், கொத்துக்கொத்தாக என்றாள். "கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பி சோம்பேறியானால் உடம்போடு மூளையும் மெதுவாகும், முதலில் தைராய்டு பார்ப்போம்" என்றேன். அவள் நம்பவில்லை. "ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சிஸ்டர், எங்கம்மாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது."

சிஸ்டருக்கு யார் எழுதுவது

அவள் ரத்தத்தை அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாளில் முனுசாமி அண்ணன் பி.பி. பார்க்க வந்தார். நான் பேனாவைத் தேடினேன். மேஜை, இழுப்பறை, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு ஐம்பத்தொரு வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம். ராத்திரியில் உடம்பு குபீரென்று கொதித்து மூன்று முறை எழுப்பிவிடும், மறுநாள் தலைக்குள் பஞ்சடைத்த மாதிரி இருக்கும். ஹார்மோன் இறங்கும் காலத்தில் பலருக்கும் இப்படித்தான், தூக்கம் சரியானால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். எனக்காக ஒரு டாக்டரிடம் போனதில்லை.

அண்ணன் பொறுமையாகப் பார்த்திருந்து, என் கொண்டையிலிருந்து பேனாவை உருவி மேஜையில் வைத்தார். "எங்களுக்கெல்லாம் டெஸ்ட்டு எழுதிக்கினே கீற, உனக்கு யாரு சிஸ்டர் எழுதறது?"

விடிந்தால்தான் காலை

கலைவாணிக்குத் தைராய்டு மிகக் குறைவு என்று வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோய் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட நர்ஸ் நானாகத்தான் இருப்பேன். கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதினார்: "காலையில், வெறும் வயிற்றில்." ராஜினாமாவைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். சரவணனும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை பேக்கிங்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தும் தைராய்டு எண் அசையவில்லை. ஆளும் அசையவில்லை, பஸ்ஸில் டிபன் பையை மறந்தாள், மகனின் பரீட்சைத் தேதியை மறந்தாள். "பாத்தீங்களா, இது தைராய்டு இல்ல" என்று மறுபடியும் கடிதத்தை எடுத்தாள். அவளை உட்கார வைத்து, மாத்திரையை எப்படிப் போடுகிறாய் என்று ஒன்றொன்றாகக் கேட்டேன். முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடும். நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். நாலு மணி அவள் கணக்கில் ராத்திரி. டாக்டர் சொன்ன காலை, விடிந்த பிறகு. ஆகவே எட்டரை மணிக்குக் கேன்டீனில், பொங்கல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பக்தியோடு போட்டிருக்கிறாள். போட்ட கையோடு பொங்கல், அதன் மேல் டீ, அதற்கும் மேல் நான் நீட்டிய இரும்புச்சத்து மாத்திரை.

இரும்பும் தைராய்டு மாத்திரையும் சேர்ந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஏறாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பொங்கல் அவள் தப்பு என்றால், இரும்பு முழுக்க முழுக்க என் தப்பு. தினமும் என் கையாலேயே அவள் மருந்தைக் கெடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும்போது அழுதுவிட்டேன். நாலு மணிக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை, இரும்பு சாயங்காலம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு அவள்தான் என்னைத் தேற்றினாள்: "வுடுங்க சிஸ்டர், நீங்களும் என்னாட்டம் நாலு மணிக்கு எழுந்து பஸ்ஸு புடிக்கற ஆளுதானே, மறந்துபூடும்."

அம்மாவுக்கும் ஒன்று

அடுத்த சில வாரங்களில் முதலில் ஸ்வெட்டர் போனது. பிறகு குரல் திரும்பியது. ஒரு நாள் அவளாகவே கேட்டாள்: "எங்கம்மாவுக்கு யாருமே இந்த டெஸ்ட்டு எடுக்கலையே சிஸ்டர், அவங்களுக்கும் இதுவா இருந்தா?" அழைத்துப் போய்ப் பார்த்துவிடு என்றேன்.

பார்த்தாள். அம்மாவுக்குத் தைராய்டில் ஒன்றுமில்லை. அது மறதி நோயேதான். இவள் உடைந்துபோவாள் என்று பயந்திருந்தேன். அவளோ வல்லக்கோட்டை முருகன் பிரசாதத்தோடு வந்து என் நெற்றியில் விபூதி இட்டுவிட்டாள். இனி சர்க்கரையையும் பி.பி.யையும் வருஷா வருஷம் பார்க்கிறேன், சாயங்காலம் ஏரிக்கரையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடக்கிறேன் என்றாள். நிதானமாக இன்னொன்றும் சொன்னாள்: "அம்மாவுக்கு வந்தது அம்மாவுக்கு, எனக்கு வந்தது எனக்கு, நான்தான் ரெண்டையும் ஒன்னா போட்டுக் கொயப்பிக்கினேன்."

நின்ற லைன்

எண் சரியானதும் சரவணன் அவளை ஒரு வாரம் மட்டும் பழைய இடத்தில் உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். மூன்றாம் நாள், சரக்குக்காக லாரி வாசலில் காத்திருந்த வேளையில், கலைவாணி சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனையே நிறுத்திவிட்டாள். யாருக்கோ மயக்கம் என்று நினைத்து நான் முதலுதவிப் பெட்டியோடு ஓடினேன். ஒரு பூட்டு விழவில்லை என்கிறாள். சரவணன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கலைவாணி குரலை உயர்த்தவில்லை. "இழுத்துப் பாருங்க சார்" என்றாள். சரவணன் இழுத்தார், ஒயர் அலுங்காமல் அவர் கையோடு வந்தது. அதே சரக்குப் பெட்டியில் இன்னும் நாலு அப்படியே இருந்தன. சரவணன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், இங்கே எத்தனை வருஷம் இருந்தும் பேச்சு மாறாதவர். கழன்ற ஒயரை அவள் மேஜையில் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "யக்கா, இனி இந்த இடம் ஒங்களுக்குத்தான், நீங்க லைன நிப்பாட்டினா ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

மூளை தலைக்குள் இருக்கிறது என்று படித்துவிட்டு வேலைக்கு வந்தேன். அது கழுத்திலும், டீ கிளாஸிலும், கம்பெனி பஸ் வரும் நேரத்திலும், சில சமயம் நர்ஸ் நீட்டுகிற மாத்திரையிலும் இருக்கிறது என்று பாடம் எடுத்தவர்கள் என் பேஷண்டுகள்தான்.