மஞ்சள் காமாலைக் கடிதம்

என் வீட்டுக்காரரின் கறுப்பு டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், நீல நிறக் கடிதம் ஒன்று இருக்கிறது. எழுபத்தொன்றில் கிழக்கே சண்டை நடந்தபோது பட்டாளத்திலிருந்து அவர் எனக்கு எழுதியது. நாலே வரி. "எனக்கு மஞ்சள் காமாலை. பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே. நம் சிநேகிதன் போய்விட்டான் என்று நேற்றுத்தான் சொன்னார்கள்." நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனாலும் அதைத் தப்பாகப் படிக்க ஒன்றுமில்லை.

இவரோடு பட்டாளத்தில் இருந்து சண்டையில் இறந்துபோன அந்தச் சிநேகிதரின் மனைவி விவேக் நகரில் இருந்தார். நான் அக்கா என்பேன். சண்டை முடிந்து லீவில் வந்ததும் இவர் முதலில் அங்கேதான் போனார். உள்ளே என்ன சொன்னாரோ, நான் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அக்கா வியாழக்கிழமை கோயிலில் இவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றிவந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் இவருக்குக் கை நடுக்கம் வந்தது. சண்டைக் கதையை எழுதிவைக்க ஆசை. பிரேசர் டவுன் வீட்டில் காலைக் காபி முடிந்ததும் அவர் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். என் கை மெதுவாகத்தான் ஓடும். "ஒன் கை வேகத்துக்குச் சண்ட போட்டிருந்தா எதிரி நம்ம சிவாஜி நகர் வரைக்கும் வந்திருப்பான்" என்று கேலி செய்வார். நான் எட்டிப் பிடிக்கும்வரை அவருக்குச் சும்மா இருக்க முடியாது. சொன்னதிலேயே இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். முதலில் ஆறு மட்டும் இருந்தது. நான் ஆற்றை எழுதி முடிப்பதற்குள் அதன்மேல் பனி இறங்கியிருக்கும்.

ஒருநாள் அந்தச் சிநேகிதரைப் பற்றிச் சொல்கையில், "அவன் என் மடியிலதான் போனான். பொண்டாட்டி பேரச் சொல்லிக்கிட்டே போனான்" என்றார். என் பேனா நின்றுவிட்டது.

"அப்ப உங்களுக்குக் காமாலை இல்லீங்களா?" வாழ்நாளில் அவரை நான் குறுக்கே கேட்டது அது ஒன்றுதான்.

"காமாலையா? எனக்கா?"

முகத்தில் கோபமில்லை, மழுப்பலும் இல்லை. யாருக்கோ வந்த வியாதியைக் கேட்டதுபோல விழித்தார். பிறகு கண் கலங்கியது. நான் எழுதினேன்.

அவர் காலமான பிறகு அக்கா வந்து நோட்டைப் படிக்கச் சொன்னார். அக்காவுக்குத் தமிழ் பேச்சோடு சரி, பள்ளியில் படித்தது கன்னடம். அந்த வரியை நான் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். விடவில்லை. அதன்பின் வியாழன்தோறும் வந்து அதையே படிக்கச் சொல்வார். கடைசியாக வந்த அன்று, "அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடும்மா. என்னப் பொதைக்கிறப்ப கூட வைக்கச் சொல்லி மககிட்ட சொல்லிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெஜமாவே என் பேரச் சொன்னாரா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னாருக்கா."

"நான் ஒன்னக் கேட்டா, நீ ஒம் புருஷன் சொன்னதச் சொல்ற" என்று சிரித்தார். கடிதம் இருந்த பெட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

இப்போது வேறொரு சந்தேகம் பிடித்து ஆட்டுகிறது. அந்தக் கடிதம் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். நான் பயந்துவிடக் கூடாதென்று, சண்டைக்கு நடுவில் இருந்துகொண்டே ஆஸ்பத்திரி என்று எழுதினாரோ? லீவில் வந்தபோது அவர் கண் மஞ்சளாக இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கும் ஞாபகமில்லை.

அக்காவும் போய்விட்டார். என் கோணல் எழுத்து அவரோடு மண்ணுக்குள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் எழுத்து இந்தப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் மற்ற வரிகளெல்லாம் மங்கிவிட்டன. "பயப்படாதே" மட்டும் தெரிகிறது. அந்த ஒரு சொல்லை அழுத்தி எழுதியிருக்கிறார்.