சமையலறைப் புழுப்பெட்டி

கோவிந்தாபுரத்தில் எங்கள் சமையலறை மூலையில், காய்கறிக் கழிவை உரமாக்க ஒரு பெட்டியில் மண்புழு வளர்க்கிறேன். மாமியாருக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அவர்தான் கொட்டிவிட்டார் என்று நினைத்து, “பிடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க அத்தை” என்று கத்திவிட்டேன்.

பின்வாசலிலிருந்து அத்தை ஒரு வாளியோடு வந்தார்.

“அதுகளுக்குத் தின்னக் குடுக்கலாம்னு எலுமிச்சந்தோலை நெறையப் போட்டுட்டேன் கண்ணு. அந்தப் புளிப்பு ஆகாம எல்லாம் வெளிய ஊர்ந்து வந்திருச்சு. பெட்டியக் காலி பண்ணிட்டு, ஒண்ணொண்ணாப் பொறுக்கி ஈரமண்ணுல உட்டிருக்கறேன். பாரு, உசுரோடதான் இருக்குது.”

வாளிக்குள் புழுக்கள் நெளிந்தன. மன்னிப்புக் கேட்டேன்.

“அதுக செத்திருந்தா நீ எங்கூடப் பேசமாட்டியோன்னு பயந்துட்டேன்” என்றார்.

நான்தான் அவருக்குப் பயப்படுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.